இரண்டடுக்குக் கட்டில்

எங்கள் தங்கை மறைந்தபின் அவளுடைய மகள் எங்களோடு வாழ வந்தாள். எங்கள் மகளின் சிற்றறையில் இன்னொரு கட்டிலுக்கு இடமில்லாமையால் இரும்பாலான இரண்டடுக்குக் கட்டிலொன்றை வாங்கினோம். குழாய்களும் சட்டங்களும் போல்ட்டுகளுமாக அது அட்டைப் பெட்டிகளில் வந்து சேர்ந்தது.

போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டுமே திருகி நிறுத்த வேண்டும். ஒரு மூலையை முன்னதாகவே முறுக்கிவிட்டால் எதிர் மூலையின் துளைகள் பொருந்த மறுக்கும். கால்கள் நின்றபின் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் நூல் பிடித்து அளந்தோம். இரண்டும் சமம், கோணலில்லை. அதன்பின்னரே சாவிகொண்டு இறுக்கினோம். பிள்ளைகள் ஏறியிறங்க அவை தளருமாதலால் அவ்வப்போது மீண்டும் இறுக்கியாக வேண்டும்.

மேல்தட்டு யாருக்கு? ஆறு வயதுக்குட்பட்டோரை மேலே படுக்கவிடலாகாதென்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டுமாம். எனவே மெல்லிய மெத்தையே இட்டோம். நம் வீடுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு: தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. அதைக் கழற்றிச் சுவர் விசிறி பொருத்தும்வரை எவரையும் மேலே ஏறவிடவில்லை.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது, வந்தவளுக்கு ஐந்து. ஆகவே கீழ்த்தட்டு அவளுக்கு. தாயற்ற பிள்ளையைக் கீழே தள்ளினார்களென உறவினர் பேசக்கூடும் என்ற கூச்சம் எங்களுக்கு இருந்தது. ஆயினும் அளவை மாற்றவில்லை.

"எனக்கு எப்ப அத்தை ஆறு வயசாகும்?" என்றாள் சிறியவள்.

பெரியவள் மேலிருந்து எட்டிப் பார்த்து, விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்: "இன்னும் அஞ்சு மாசம்."