வாஷர் டேங்க் நாற்றம்

திருச்சிக்குப் பக்கத்தில் ஜீயபுரத்தில் கார் வைத்திருப்பவருக்கு முன்கண்ணாடி ஓயாத தொல்லை. கரூர் ரோட்டில் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வாய்க்காலும் வாழைத்தோப்பும். பொழுது சாய்ந்து ஹெட்லைட் போட்டால் போதும், பூச்சிகள் வந்து அப்பிக்கொள்ளும். லாரிப் புழுதி வேறு. வெறும் வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்க மெழுகிவிடும். வாஷரை அடிக்காமல் முக்கொம்பைத் தாண்ட முடியாது.

அடித்தால் கண்ணாடி சுத்தமாகும். சில கார்களில் கூடவே அழுகின முட்டை நாற்றமும் உள்ளே வரும். ஏசிக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்பார் ஒருவர். பின்சீட்டுக்கடியில் பூவன்பழம் அழுகியிருக்கும் என்பார் இன்னொருவர். ஏசி சர்வீஸுக்குக் காசு அழுதவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. உள்காற்றே சுற்றும்படி ரீசர்க்குலேஷன் பட்டனைப் போட்டுவிட்டு ஒருமுறை வாஷரை அடித்துப் பார்க்கலாம். நாற்றம் உள்ளே வராவிட்டால் ஏசி மேல் பழியில்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கறுப்பு ஜாலி வழியாகத்தான் வெளிக்காற்று வண்டிக்குள் போகிறது. வழிந்த வாஷர் தண்ணீரும் அங்கேதான் இறங்குகிறது.

எங்கள் மெக்கானிக் தம்பி வாஷர் டேங்க்கின் பம்ப்பைப் பிடுங்கிக் காட்டியபோதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. "இதைப் பாருங்க சார், பாசி புடிச்ச கிணறு மாதிரி இருக்கு" என்று ரப்பர் புஷ்ஷை விரலால் வழித்தார். பச்சையும் கறுப்புமாக, வழவழவென்று ஒரு கூழ். அடியில் இருந்த கட்டை விரல் நகமளவு வலை முழுக்க அதே கூழ் அடைத்திருந்தது. அடிப்பது ஏன் வரவர மெலிந்தது என்பதற்கும் அதுவே விடை.

குளிர் நாட்டுக்காரனுக்கு இந்தத் தொல்லை குறைவு. தண்ணீர் உறைந்து டேங்க் வெடிக்காமலிருக்க அவன் ஆல்கஹால் கலந்த திரவத்தை ஊற்றியாக வேண்டும். கிருமியும் அதில் எளிதில் வளராது. நமக்கு உறையும் பயம் கிடையாது. போர்வெல் தண்ணீர், பம்ப்செட் தண்ணீர், குடித்து மிச்சம் வைத்த பாட்டில் தண்ணீர் என்று கைக்கு வந்ததை ஊற்றுகிறோம். சிலர் ஷாம்பு சாஷே ஒன்றையும் பிழிந்துவிடுவார்கள். நுரை வரும், கண்ணாடியில் பிசுக்குப் படியும், நாளடைவில் ஷாம்புவும் கெட்டுப்போகும். அடியில் சேறு படிந்து காற்றுப் படாமல் தேங்கும் தண்ணீரில், அதிலிருக்கும் சல்பேட்டை ஒருவகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடுகிறது. முட்டை நாற்றம் அதுதான்.

நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. லெஜியனெல்லா என்று ஒரு பாக்டீரியா உண்டு. 1976-இல் ஃபிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் கூடிய அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் பலர் நிமோனியாவில் இறந்ததை ஆராய்ந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. பெயரும் அப்படி வந்ததுதான். அதைக் குடிப்பதால் அல்ல, நுண்திவலையாக மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் நோய் வருகிறது. வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வாஷர் திரவம் சேர்க்காமல் வெறும் தண்ணீர் ஊற்றிய கார்களில் ஐந்தில் ஒன்றில் இதன் தடயம் இருந்ததாக 2010-இல் பிரிட்டனில் ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். திரவம் சேர்த்த கார்களில் தடயமே இல்லை. இந்த பாக்டீரியா நன்றாகப் பெருகும் சூடு 25 முதல் 45 டிகிரி வரை. பங்குனியில் ஸ்ரீரங்கம் நம்பெருமாள் ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளும்போதே இங்கே வெயில் ஏறிவிடும். பானெட்டுக்குள் இருக்கும் டேங்க்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சுத்தம் செய்வது பெரிய வித்தையில்லை. பம்ப்பைக் கழற்றினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். முடியாவிட்டால் நாசிலில் அடித்தே காலி செய்யலாம், பம்ப் சூடேறாதபடி விட்டு விட்டு. பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஓஸ் வழியாகவும் கொஞ்சம் அடிக்க வேண்டும். போர்வெல் உப்பு படிந்து அடைத்த நாசிலும் இதில் இளகும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, வலையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் சரி. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளியும். பிளீச்சிங் தண்ணீர் பெயிண்ட்டையும் ரப்பரையும் கெடுக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆனபின் மறுபடி வெறும் தண்ணீர் ஊற்றினால் அத்தனையும் வீண். கடையில் விற்கும் வாஷர் திரவத்தை, பாட்டிலில் போட்ட அளவில், ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். இதில் மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்.

அமெரிக்காவின் அரிசோனாவில், நம்மூர் மாதிரியே வெயில் கொளுத்தும் ஊரில், ஒரு பள்ளி மாவட்டத்தின் பஸ்களைச் சோதித்தபோது சுமார் முக்கால்வாசி பஸ்களின் வாஷர் டேங்க்கில் லெஜியனெல்லா இருந்ததாக 2014-இல் அறிவித்தார்கள். நம்மூரில் மே மாதம் பள்ளி வாகனங்களை நிறுத்திவைத்து அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி எல்லாம் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்கிறார்கள். பள்ளி வேன் வைத்திருப்பவர்கள் அந்த வேலையோடு வேலையாக வாஷர் டேங்க்கையும் ஒருமுறை காலி செய்து கழுவிவிடுங்கள்.