பறித்த நூல்கள் மூன்று

தேர்வு நெருங்கிய வேளையில் நம் மகள் கையிலிருந்த மூன்று ஆங்கிலக் கதைநூல்களைச் சினந்து பறித்தோம். படியாமலே தீர்ப்பிட்டது உள்ளத்தை உறுத்தவே, பின்னர் அவற்றை நாமே படித்தோம்.

முதலாவது, சார்லட் பிராண்டியின் காதற்கதை 'ஜேன் அயர்' (1847). தான் நேசிப்பவருக்கு மனைவி உயிரோடிருப்பதை மணநாளில் அறிந்த ஏழைப்பெண், உள்ளம் நொறுங்கியும் அவ்வில்லத்தை விட்டு வெளியேறுகிறாள்.

இரண்டாவது, செஸ்டர்டன் 1911இல் வெளியிட்ட துப்பறியும் கதைகள். முடிச்சுகள் சில நம்பும்படி இல்லை. ஆயினும், திருடனைப் பிடிப்பதினும் அவனை மனந்திருப்புவதையே பிரவுன் அடிகளார் பெரிதெனக் கொள்கிறார்.

மூன்றாவது, டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954–55). பெயர்களின் பெருக்கம் களைப்பூட்டிற்று. தீய மோதிரத்தை அழிக்கச் சென்ற ஃபிரோடோ, இறுதிக் கணத்தில் அதைத் துறக்க இயலாது தோற்கிறான். முன்னர் அவன் இரங்கி உயிரோடு விட்ட கோலமாலேயே மோதிரம் அழிகிறது.

'வீண் கதைகள்' என்று நாம் கடிந்தவை, மனச்சான்றையும் இரக்கத்தையும் நமக்கே கற்பித்தன. நூல்களைத் திருப்பித் தந்து, மகளிடம் மன்னிப்புக் கேட்டோம். பிள்ளைகளின் கையிலிருந்து நூலைப் பறிக்குமுன், அதை ஒருமுறை படித்துப் பார்ப்பது பெற்றோர் கடன் அன்றோ!