பழைய பெட்டிக்குள் ஒரு சுரங்கப்பாதை

கணினித் துறையில் பட்டம் பெற்றவன் என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். “சம்பளம் எவ்வளவு?” என்பது ஒன்று. “வீட்டுக் கணினி மெதுவாக ஓடுகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா?” என்பது மற்றொன்று. உயர்மாடிக் கட்டடங்களில் புத்தம் புதிய கருவிகளோடு வேலை செய்யும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைந்துவிடுவதில்லை. நம்மில் பலர் சிறிய நிறுவனங்களில், யாரோ எப்போதோ வாங்கி வைத்த பழைய கருவிகளைக் கட்டிக் காப்பவர்களாகத்தான் தொழிலைத் தொடங்குகிறோம். அப்படிப்பட்ட ஒரு பழைய பெட்டியைப் பற்றியும், அதன் வழியே முப்பதுக்கும் மேற்பட்டோரின் ஒரு மாதச் சம்பளம் எப்படிப் பயணம் செய்தது என்பதைப் பற்றியும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கிள்ளானில், துறைமுகத்திலிருந்து சரக்குகளை எடுத்து அனுப்பும் ஒரு நிறுவனத்தில் நான் பணியாற்றினேன். லோரி ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் என எல்லாரையும் சேர்த்தால் நாற்பது பேரை எட்டாத நிறுவனம். கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். கணக்கு மென்பொருள், சம்பளப் பட்டியல், சுங்கப் படிவங்கள் யாவும் அலுவலகத்திலிருந்த ஒரே சர்வரில் இருந்தன. அந்தச் சர்வருக்கும் வெளியுலக இணையத்திற்கும் இடையே காவலாளியாக நின்றது 2009-ஆம் ஆண்டில் வாங்கிய ஒரு தீச்சுவர். யார் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று முடிவு செய்வது அதன் வேலை. அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த அந்தப் பெட்டியை அதுவரை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 16, திங்கட்கிழமை இரவு, பிரதமர் டான் ஸ்ரீ முகிதீன் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மார்ச் 18 முதல் 31 வரை நாடே வீட்டுக்குள் இருக்க வேண்டும். துறைமுகமும் சரக்குப் போக்குவரத்தும் அத்தியாவசியச் சேவைகள் என்பதால் லோரிகள் ஓடும். ஆனால், அலுவலகப் பணியாளர்கள் வீட்டிலிருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நாள்.

மறுநாள் காலையில் முதலாளி என்னை அழைத்தார். “தம்பி, சம்பளம் போடுற வேலை நின்னுடக்கூடாது. டிரைவருங்க எல்லாம் வெளியில ஓடிக்கிட்டு இருக்காங்க. வீட்ல இருந்தே கணக்கப் பார்க்க வழி செய்ய முடியுமா?” என்றார். அவர் கவலை நியாயமானது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையிருப்பு இல்லாமல் மாதச் சம்பளத்தையே நம்பி வாழும் குடும்பங்களுக்கு அந்த நேரத்தில் ஒரு வாரத் தாமதம் என்பது எத்தகைய இடி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கணினிக் கடை வைத்திருந்த முதலாளியின் நண்பர் ஒருவர் தொலைபேசியில் எளிய வழி ஒன்றைச் சொன்னார். தொலைமேசை வசதிக்கான 3389 என்ற வாசலைத் தீச்சுவரில் நேராகத் திறந்துவிட்டால் போதும், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது அவர் யோசனை. பத்து நிமிட வேலைதான், மறுக்கவில்லை. ஆனால், அந்த வாசல் நம் ஆறு பேருக்கு மட்டும் திறக்காது; உலகம் முழுவதற்கும் திறக்கும். 2019-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதே தொலைமேசை வசதியில் ‘புளூகீப்’ என்ற கடுமையான ஓட்டை இருப்பதை அறிவித்திருந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புக வழிவிடும் ஓட்டை அது. ஐந்தாண்டுகளுக்கு முன்பே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட அந்நிறுவனம் மனமிறங்கித் திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவை நீங்களே ஊகிக்கலாம். எங்கள் சர்வரில் இருந்த விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பிற்கான ஆதரவும் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு முடிந்திருந்தது.

“பாஸ், கல்லாப்பெட்டிய ரோட்டோரம் வச்சிட்டு, பூட்டு இருக்குதானேன்னு தூங்கப் போற மாதிரி இது” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “சரி, உனக்கு எது சரின்னு படுதோ செய். இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடியணும்” என்றார்.

எனக்குச் சரியென்று பட்டது வி.பி.என். மெய்நிகர் தனிப் பிணையம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். வீட்டுக் கணினிக்கும் அலுவலகத் தீச்சுவருக்கும் இடையே, பொது இணையத்தின் ஊடாகவே ஒரு சுரங்கப்பாதையை அமைப்பதுதான் அதன் சாரம். பாதையில் போகும் தகவல் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். வழியில் எவரேனும் பிடித்துப் பார்த்தாலும் அவருக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியல்தான்.

பழைய பெட்டியின் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தபோது மூன்று வகை வி.பி.என். வசதிகள் கண்ணில் பட்டன. முதலாவது பி.பி.டி.பி. அமைப்பதற்கு மிக எளிது; ஆனால், 2012-ஆம் ஆண்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், அதன் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை ஒரே நாளுக்குள் உடைத்துவிடலாம் என்று செயல்முறையில் காட்டிவிட்டார்கள். அதனால் அதைத் தொடவில்லை. மூன்றாவது, உலாவி வழியே இயங்கும் எஸ்.எஸ்.எல். வகை. அதற்கு ஒரே நேரத்தில் இருவருக்கு மட்டுமே உரிமம் இருந்தது. மேலும், பல ஆண்டுகளாகத் திருத்தம் பெறாத ஒரு வலைப்பக்கத்தை வெளியுலகிற்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எஞ்சியது நடுவில் இருந்த எல்2டிபி, ஐபிசெக் இணை. விண்டோஸ் 7, விண்டோஸ் 10 இரண்டிலும் அதற்கான வசதி ஏற்கனவே இருப்பதால் தனி மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை. அதையே தேர்ந்தெடுத்தேன்.

முதலில், இருந்த அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்தேன். பழைய கருவியில் கைவைப்பவர் எவரும் மறக்கக்கூடாத முதற்படி இது. பிறகு இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டரை வெறும் பாலமாக மாற்றி, தீச்சுவரே நேரடியாக இணையத்தோடு பேசும்படி செய்தேன். இரண்டு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றம் செய்தால் விண்டோஸ் கணினிகளின் ஐபிசெக் இணைப்பு தடுமாறும் என்பதே காரணம். எங்கள் இணைய முகவரி அவ்வப்போது மாறக்கூடியது என்பதால் மாறாத பெயர் ஒன்றை அதற்குப் பதிவு செய்தேன். தீச்சுவரில் முன்னிருப்பாக இருந்த பழைய மறையாக்க முறைகளை நீக்கிவிட்டு, ஏ.இ.எஸ். 256 பிட் முறையையும், சாவிப் பரிமாற்றத்திற்கு 2048 பிட் குழுவையும் வைத்தேன். யுடிபி 500, 4500 ஆகிய வாசல்களையும் ஐபிசெக்கையும் தவிர வெளியிலிருந்து வரும் மற்ற எல்லா வழிகளையும் மூடினேன்.

அடுத்து வந்ததுதான் உடம்பை வருத்திய வேலை. அலுவலக முகவரிகள் யாவும் 192.168.1 என்று தொடங்கின. வீடுகளில் இருக்கும் ரௌட்டர்களில் பெரும்பாலானவையும் அதே எண்ணில்தான் தொடங்கும். நம் நாட்டில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு ‘ஜாலான் 3’ இருக்கும் அல்லவா? தாமான் பெயரில்லாமல் ‘ஜாலான் 3, 10-ஆம் எண் வீடு’ என்று மட்டும் எழுதினால் கடிதம் எங்கே போகும்? வீட்டிலிருக்கும் கணினி, அலுவலகச் சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆகவே சர்வர், இருபது கணினிகள், இரண்டு அச்சுப்பொறிகள் என அலுவலகத்தின் எல்லா முகவரிகளையும் 10.27 என்று தொடங்கும்படி மாற்றினேன். இதனால் இன்னொரு நன்மையும் கிட்டியது. அலுவலகத்திற்கான தகவல் மட்டும் சுரங்கப்பாதையில் போகும்; பிள்ளைகள் பார்க்கும் காணொளிகள் வீட்டு இணையத்திலேயே போகும். வயதான அந்தப் பெட்டியால் எல்லாருடைய சுமையையும் தாங்க முடியாதே!

ஆறு பேருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் கடவுச்சொல். ஒரே பெயரை எல்லாரும் பகிர்ந்துகொண்டால் பின்னாளில் யார் நுழைந்தார், எப்போது நுழைந்தார் என்று அறிய வழியில்லாமல் போய்விடும்.

இனிச் சொல்லப்போவதுதான் நம் தமிழ்மொழிக் கழகத்தாருக்கு முக்கியமானது என்று கருதுகிறேன்.

சம்பளக் கணக்கைப் பார்த்து வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்கா. தமிழ்ப்பள்ளியில் படித்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே மேசையில் வேலை செய்தவர். ஒரு சென் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால், திரையில் ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்துவிட்டால் கை நடுங்கும். “தம்பி, எனக்கு இதெல்லாம் வராதுப்பா. எனக்குப் பதிலா சின்னப் பொண்ணு யாரையாச்சும் செய்யச் சொல்லுங்க” என்றார். அந்தச் சொற்களுக்குள் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒளிந்திருந்ததை என்னால் உணர முடிந்தது.

அன்று இரவு முரசு அஞ்சலைத் திறந்து, ஒரே ஒரு பக்கத்தில் வழிகாட்டி ஒன்றைத் தமிழில் தட்டச்சு செய்தேன். ‘வி.பி.என். என்பது உங்கள் வீட்டிலிருந்து அலுவலகத்திற்குப் போகும் சுரங்கப்பாதை. வேலை தொடங்கும்போது பாதையைத் திறக்க வேண்டும். முடிந்ததும் மூட வேண்டும்’ என்று தொடங்கினேன். பிழைச்செய்திகளைப் படிக்க வேண்டாம், எண்ணை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதினேன். 691 வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 789 வந்தால் பொதுச் சாவி பொருந்தவில்லை. 809 வந்தால் அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. வழியில் ஏதோ தடை இருக்கிறது. அவ்வளவுதான். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுதக்கூடாது என்பது கடைசி வரி. ஆறு படிகள் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகும் கணினிகளோடு வைத்து அனுப்பினேன்.

மார்ச் 18 காலையில் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. “தம்பி, 809 வருது. வழியில தடைன்னு உங்க தாள்ல இருக்கு. எங்க வீட்டு ரௌட்டரா இருக்குமா?” என்று கேட்டார். எனக்கு வியப்பு தாங்கவில்லை. முதல் நாள் கை நடுங்கியவர், மறுநாள் பழுதின் இடத்தையே சுட்டுகிறார். அவர் வீட்டு ரௌட்டரில் வி.பி.என்.ஐ வெளியே விடும் அமைப்பு அணைந்திருந்தது. தொலைபேசியிலேயே வழிசொல்லி ஐந்து நிமிடத்தில் சரிசெய்தோம்.

மாத இறுதியில் வேறொரு சிக்கல் எழுந்தது. இணைப்பு கிடைக்கிறது, மென்பொருள் திறக்கிறது. ஆனால், முழுச் சம்பளப் பட்டியலை இழுத்தால் மட்டும் திரை உறைந்துவிடுகிறது. சிறியவை போகின்றன, பெரியவை நிற்கின்றன என்றால் அளவுச் சிக்கலாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் இணைய வழி ஒரு பொட்டலத்திற்கு 1492 பைட்டுகளையே அனுமதிக்கும். மறையாக்கம் தன் உறைகளைச் சுற்றியதும் பெரிய பொட்டலங்கள் அந்த வரம்பைத் தாண்டி வழியில் தொலைந்தன. உயரத் தடைக்கம்பியின்கீழ் சரக்கு நிறைந்த லோரி மாட்டிக்கொள்வதைப் போன்றது இது. வீட்டிலிருந்தபடியே தீச்சுவருக்குள் நுழைந்து, ஒரு பொட்டலத்தில் ஏற்றும் தகவலை 1300 பைட்டுகளாகக் குறைத்தேன். மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அக்காவின் குரல் தொலைபேசியில் ஒலித்தது: “வந்துடுச்சு தம்பி, கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துடுச்சு.”

மார்ச் 31-ஆம் நாள் எல்லாருக்கும் சம்பளம் போய்ச் சேர்ந்தது. ஊழியர் சேமநிதி, சொக்சோ கணக்குகளும் தவறாமல் முடிந்தன. கட்டுப்பாட்டு ஆணை அதற்குள் ஏப்ரல் 14 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது.

பழைய கருவியைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஒரு தீச்சுவரை நெடுநாள் வாசலில் நிறுத்துவது ஆபத்து. இதை முதலாளியிடம் அப்போதே எழுத்துப்பூர்வமாகச் சொல்லியிருந்தேன். மறு ஆண்டே அதற்கு ஓய்வு கொடுத்தோம். அதே 2020 மார்ச் 29-ஆம் நாள் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில் வயர்கார்டு என்னும் புதிய வி.பி.என். முறை இடம்பெற்றது. நான் பட்ட பாட்டில் பாதியை அது குறைத்துவிடும். கருவிகள் மாறும், மாறுவதே அவற்றின் இயல்பு.

ஆனால், அந்த ஒரு பக்கத் தமிழ்த் தாள் மாறவில்லை. புதிய தீச்சுவர் வந்தபோது பிழை எண்களை மட்டும் திருத்தித் தரும்படி அக்கா கேட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அதை வைத்து அவரே சொல்லிக்கொடுத்தார்.

தொழில்நுட்பத் தமிழ் என்றதும் மாநாடுகளும் கலைச்சொல் அகராதிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ‘இணையம்’ என்ற அழகிய சொல்லுக்காகச் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியைப் பலரும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். 2001-ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அந்த முன்னோடிகள் போட்டுக் கொடுத்த பாதையில்தான் நாம் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். அந்தத் தமிழ் கவிதைப் போட்டிக்கும் கலைவிழா அழைப்பிதழுக்கும் மட்டும் பயன்பட்டால் போதுமா?

தம்பி தங்கைகளே, பட்டம் பெற்று வேலைக்குப் போகும் இடத்தில், உங்களைவிட வயதில் மூத்த, ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். அவருக்குப் புரியும் மொழியில் யாரும் எழுதித் தரவில்லை, அவ்வளவே. ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அரைமணி நேர வேலைதான்.