கேக்கின் மேல் எங்கள் லயம்

கேக்கின் மேல் படம் தீட்டுவது பட்டணத்துக் கடைக்காரர்களுக்கே உரிய வித்தை என்று ஒதுங்கிவிடாதீர்கள். வாசலில் கோலமிடத் தெரிந்த கைக்கு இதுவும் வரும். தீபாவளிக்குப் பட்டர் கேக் சுடுவதோடு நின்றிருந்த நானே சொல்கிறேன்.

இதில் இறங்க எனக்கு ஒரு காரணம் வாய்த்தது. எங்கள் தோட்டம் விலையாகிவிட்டது. லயத்துக் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குத் திசைக்கொன்றாய்ப் பிரியும் நேரம். ஆயாக் கொட்டகையில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளைத் தொட்டிலாட்டிய ஆயாவுக்கு ஒரு விருந்து வைக்க எண்ணினோம். நானும் அந்தத் தொட்டிலில் கிடந்தவளே. என் மாணவி ஒருத்தி ஆறு கதவுகள், தண்ணீர்க் குழாய், ரம்புத்தான் மரம், முனியாண்டி கோயில் எல்லாம் அடங்க லயத்தை வரைந்து வந்தாள். பட்டணத்தில் தின்னும் தாளில் படத்தை அச்சடித்து ஒட்டித் தருவார்கள். ஆனால் பிள்ளைகளோ, “டீச்சர், நாமளே செஞ்சா என்ன?” என்றார்கள்.

முறையைக் கேளுங்கள். ரப்பர் முத்திரையில் எழுத்து இடம் வலமாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கணக்குத்தான். படத்தாளைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்பக்கமாகக் கோடுகளை இழுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் மேலே தெரியத் தட்டையான தட்டில் வைத்து, அதன்மேல் கேக் சுடும் மெழுகுத்தாளை அசையாமல் ஒட்டிவிடுங்கள். கேக் 10 அங்குலச் சதுரமானால் படம் 8 அங்குலம் இருக்கட்டும்.

250 கிராம் கொழுப்புக்கு 500 கிராம் சலித்த ஐசிங் சீனி. வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 பாகை வெப்பத்தில் உருகும்; நம் நாட்டு நண்பகலுக்கு அது தாங்காது. ஆகவே பாதி வெண்ணெய், பாதி வெள்ளைத் தாவரக் கொழுப்பு என்று சேர்த்து, வெளுத்து மிருதுவாகும்வரை அடியுங்கள். கோடுகளுக்குக் கறுப்புச் சாயத்தை அள்ளிக் கொட்டினால் கசக்கும். கொக்கோத் தூள் கலந்த ஐசிங்கில் சிறிது கறுப்பு சேர்த்தாலே போதும். சாயம் நேரமாக ஆக அழுத்தமாகும் என்பதால் முன்கூட்டியே கலந்து வையுங்கள்.

தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை மெல்ல நறுக்கி, முதலில் கோடுகளை இழுங்கள். ஐஸ்பெட்டியின் உறையும் அறையில் கால் மணி நேரம் வைத்தால் கோடு இறுகிவிடும். பிறகு வண்ணம் நிரப்பலாம். இங்கேதான் சூட்சுமம். முதலில் வைப்பதே கடைசியில் மேலே தெரியும். ஆகவே கதவின் தாழ்ப்பாள் முதலில், கதவு அடுத்து, சுவர் அதற்குப் பின். இடைவெளி விடாமல் அழுத்தி நிரப்பி, முதுகில் கால் அங்குலத்துக்கு வெள்ளை ஐசிங்கைப் பரப்பி, இரவு முழுவதும் உறைய விடுங்கள்.

மறுநாள் கேக்கின் மேற்பரப்பைச் சமமாக்கி ஐசிங் பூசிக்கொண்டு, உறைந்த படத்தை ஒரே வீச்சில் கவிழ்த்து, தாளை ஓரத்திலிருந்து உரியுங்கள். நாங்கள் தாளை உரித்தபோது வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. குழாயடி வாளிவரை அப்படியே வந்திருந்தது. மேலே முத்து முத்தாய் நீர் அரும்பும். துடைத்தால் சாயம் இழுபடும், தானாகக் காயட்டும். ஓரத்தில் பூவரிசை பிழிந்தால் விளிம்பு மறையும்.

விருந்தன்று ஆயா கத்தியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெட்ட மனம் வரவில்லை. பிறகு கோட்டுக்குக் கோடு ஒவ்வொரு வீடாக வெட்டி, “இந்தாய்யா, இது உங்க வீடு” என்று அந்தந்த வீட்டாரிடமே கொடுத்தார். அவர் வீட்டுத் துண்டைக் கடைசிவரை யாரும் தொடவில்லை. அதை அவர் கிள்ளிக் கிள்ளிச் சின்னஞ்சிறுசுகளின் வாயில் ஊட்டிவிட்டார்.

சகோதரிகளே, முதன்முறை செய்வோர் நான்கு இதழ்ப் பூவொன்றை உள்ளங்கையளவில் கவிழ்த்துப் பழகுங்கள். அது கைவந்தபின் உங்கள் வீட்டுப் பிள்ளை வரைந்த படத்தை எடுங்கள். கடையில் வாங்கும் படத்தில் உங்கள் வீட்டு வாசல் இருக்காது.