ஒரே தண்ணீர்

2023 மே 9, செவ்வாய்

தம்பி மகள் போன் பண்ணினாள். "அத்தே, பிள்ளைக்கு நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும். ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும்." சந்தோஷமாகச் சம்மதித்தேன். ராத்திரி ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது கொஞ்சம் நடுக்கமாக இருந்தது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும் நாங்களும்தான். மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

மே 10, புதன்

ஞாயிற்றுக்கிழமை மே 14. புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற நாள் அது. நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளாரிடம் முழுக்குப் பெற்றார். 1749இல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மேல்சாதியில் பிறந்தும் எல்லாரையும் சமமாக நடத்தினார் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவர் தலையில் விழுந்த தண்ணீர் ஏழே வருடத்தில் அவர் உயிரைக் கேட்டது. நாம் பிரியாணிக்குச் சொல்லிவிட்டு, போட்டோகிராபரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மே 12, வெள்ளி

இரண்டு நாளாக வடக்கன்குளமே மனதில் நிற்கிறது. தேவசகாயம் முழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872இல் எழும்பிய கோவிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள். பீடம் ஒன்று, ஜனங்கள் சாதிவாரியாக இரண்டு பக்கம், இடையில் சுவர். ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பூசை கண்டார்கள். கௌசானல் அடிகளார் 1910இல் அந்தச் சுவரை இடித்தார். மேல்சாதியினர் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நீதிமன்றம் சொல்லியா இது நமக்குத் தெரிய வேண்டும்? கிறிஸ்துவுக்குள் முழுக்குப் பெற்றவர்களுக்குள் யூதன் கிரேக்கன், அடிமை உரிமைக்குடிமகன் என்ற பிரிவு கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிவிட்டாரே. பீடத்தின் முன்னால் நின்றுகொண்டு அதை மறுப்பவர், தான் பெற்ற முழுக்கையே மறுக்கிறார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

மே 13, சனி

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், அழைப்பிதழில் தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இல்லையே என்று வருத்தப்பட்டாராம். தம்பி மகள் அசையவில்லை. "ரோமாபுரியிலயே தேவசகாயம் பேருக்குப் பின்னால இருந்த பிள்ளைங்கிற பட்டத்த எடுத்துட்டாங்க, மாமா. நமக்கு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். புனிதர் பட்டத்துக்கு முன்பே எழுந்த கோரிக்கையை ஏற்று அதை நீக்கினார்கள். 2022 மே 15 அன்று வெறும் தேவசகாயமாகவே அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

மே 14, ஞாயிறு

முழுக்கு நடந்தது. தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டு அழுதாள். கிறிஸ்மா தைலத்தின் வாசனை இன்னும் என் சேலையில் இருக்கிறது. பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியை ஞானத்தகப்பன் பிடித்துக்கொண்டார். "விட்டுவிடுகிறேன்" என்று மூன்று தரமும் சத்தமாகவே சொன்னேன்.

யாரும் தனக்குத் தானே முழுக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது. இயேசுவே யோர்தானில் யோவானுக்கு முன்னால் போய்த்தான் நின்றார். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு, அவசரத்துக்கு, திருச்சபையின் கருத்தோடு ஒரு நர்ஸ் தண்ணீர் ஊற்றினாலும் அது செல்லும். அந்த நர்ஸ் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேள்வியில்லை. அடுத்தவர் கையால் பெற்றுக்கொண்ட ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்தவரை எப்படித் தள்ளி நிறுத்துகிறோம்?

மே 17, புதன்

கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் பங்குகள் நம் தமிழ்நாட்டில் உண்டு. தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை போய்விடுகிறது; சாதி மட்டும் கோவிலுக்குள்ளும் கூடவே வருகிறது. அரசாங்கத்திடம் நியாயம் கேட்பவர்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் நம் கல்லறைச் சுவரை இடிக்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

பிள்ளை முதல் நற்கருணை வாங்கும் வயதுக்கு வரட்டும், வடக்கன்குளத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். தேவசகாயத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். சுவரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.