நான் போட்ட முடிச்சு

எங்கள் தெருவில் நான் பெரிய சுத்தக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா, சகோதரிகளே? சமையலறைக் குப்பை எதுவானாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் அடைத்து, வாயைச் சுருக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்துவிடுவேன். காலையில் மாநகராட்சி வண்டி வந்து எடுத்துப் போகும். அத்துடன் அந்த விவகாரம் தீர்ந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைகளில் ஒன்று கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தது. "காலில் குத்தும், வெளியே போங்கள்!" என்று எல்லாரையும் துரத்திவிட்டுச் சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கினேன். பழத்தோல், பால் பாக்கெட், ஊசிப்போன சாம்பார், இவற்றோடு சில்லுகளையும் போட்டு வழக்கம்போல் இரட்டை முடிச்சு. என் வீட்டுக் குழந்தைகளின் கால் தப்பியது.

மறுநாள் காலை வாசலில் ஒரு முனகல் கேட்டது. வண்டியோடு வரும் அம்மாள், மக்குவதை வேறாகவும் மக்காததை வேறாகவும் பிரிக்க என் பையை அவிழ்த்துக் கையை விட்டிருக்கிறார். கையுறையையும் கிழித்துக்கொண்டு சில்லு உள்ளங்கையில் இறங்கியிருந்தது. நான் பதறிப் போனேன். "ஒண்ணுமில்லைம்மா, லேசாத்தான் கிழிச்சிருக்கு. கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஊசி போடச் செய்தேன். ஒரு வாரம் அந்தக் கையால் அவருக்கு வேலை செய்ய முடியவில்லை.

அன்றிரவு என் கணவரிடம், "நம் ஊர்ப் பேராசிரியர்தான் பிளாஸ்டிக்கை ரோடாகவே போட்டுவிட்டாரே! நான் பையில் கட்டியதிலா குற்றம்?" என்று சமாதானம் தேடினேன். அவர் சிரித்துவிட்டார்.

தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனைத்தான் சொன்னேன். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே அந்தச் சாலையைப் போட்டுக் காட்டினார்; 2018-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. அடுப்படிக்காரிகளான நமக்கு அவர் செய்முறை சுலபமாகப் புரியும். ஜல்லியை 160, 170 டிகிரிச் சூட்டுக்குக் காய்ச்சி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். கடலை உருண்டையில் பாகு பிடித்தாற்போல அது இளகி ஒவ்வொரு கல்லிலும் படிகிறது. பிறகுதான் தார். மழைத்தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகிறதாம்; ஏறக்குறைய அவ்வளவு தாரும் மிச்சம்.

"எல்லாம் சரி, ஆனால் அதற்கு அழுக்கும் ஈரமும் இல்லாத பிளாஸ்டிக் வேண்டும்" என்றார் அவர். பி.வி.சி. கூடவே கூடாதாம், சூட்டில் விஷவாயு கிளம்பும். அப்படியானால் சாம்பாரில் ஊறிய என் பால் பாக்கெட்டுக்கு ஏது ரோடு? அவனியாபுரத்துக்கு அடுத்த வெள்ளைக்கல் குப்பைமேடுதான் அதற்குக் கதி.

மறுநாளே ஆரம்பித்தேன். பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எறிவதில்லை. பாதி வெட்டித் தொங்க விடுகிறேன். அலசிக் கொடியில் மாட்டுகிறேன். தினம் இரண்டு, வருஷத்துக்கு 730! "ஏத்தா, இதென்ன தோரணமா?" என்று என் மாமியார் கேட்டார். காய்த்தோலை மொட்டைமாடியில் ஓட்டைப் பானையில் போட்டேன். காய்ந்த சருகு சேர்க்க வேண்டும் என்பதை மறந்ததால், முதல் வாரம் அடுத்த வீட்டுக்காரியின் முகத்தில் விழிக்கவே வெட்கமாயிருந்தது. கண்ணாடி உடைந்தால் பழைய தினசரியில் நாலு மடிப்பாகச் சுற்றி, "இதில் கண்ணாடி இருக்கிறது" என்று சொல்லி அந்த அம்மாள் கையிலேயே கொடுக்கிறேன்.

ஆனால் கழுவக் கழுவத்தான் தெரிந்தது, இவற்றில் பாதி வீட்டுக்குள் வந்திருக்கவே வேண்டாம் என்று. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து கடைப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. இருந்தும் புரோட்டாக் கடைச் சால்னா கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில்தானே எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது! 2021 டிசம்பரில் சர்க்கார் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியதை மாமியாரிடம் சொன்னேன். "நான் எப்ப விட்டேன், மீண்டும் எடுக்கிறதுக்கு?" என்று கேட்டபடியே பரணிலிருந்து எவர்சில்வர் தூக்குச்சட்டியை இறக்கச் சொன்னார்.

அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக என் கணவருக்கு மகா கூச்சம். துண்டால் மூடிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "பையில் கட்டினால் அளவாகத்தான் ஊற்ற முடியும், தூக்கென்றால் கை தாராளமாக வரும் என்று கடைக்காரர் இரண்டு கரண்டி கூடவே விட்டார்" என்றார். இப்போதெல்லாம் துண்டு இல்லாமலே போகிறார்.