வேனுக்கும் ஒரு ஜுரக் குறிப்பு

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான். ஆனால் சென்ற ஐப்பசியில் தெருவை எழுப்பியது, இருபது வயதைத் தாண்டிய எங்கள் டீசல் வேன்! சாவியைத் திருப்பினால் 'கிர்ர்... கிர்ர்...' என்று இழுக்கும்; வெள்ளையாய்ப் புகை கக்கி அடங்கிப் போகும். ஒருவழியாகக் கிளம்பி பாரம் ஏற்றினாலோ, கன்னங்கரேலென்று புகை. திண்ணையில் விளையாடும் என் மூன்று வயதுப் பெண் இரும ஆரம்பித்தாள். டாக்டரிடம் காட்டியபோது, "முதலில் புகையிலிருந்து பிள்ளையைத் தள்ளி வையுங்கள்" என்றார்.

அந்த வேனில்தான் என் வீட்டுக்காரர் சேலைக் கட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டு போகிறார். அது நின்றால் எங்கள் அடுப்பும் நின்ற மாதிரிதான். ஒரு பட்டறையில் காட்டினால், "பம்பே போச்சுங்க, மாத்தணும்" என்று கையை விரித்து விட்டார்கள். அன்றிரவு அவர் என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரியாதா?

"ஏங்க, ஊடை நூல் அறுந்தா தறியையே மாத்துவோமா? முதல்ல தாரைப் பாப்போம், நாடாவைப் பாப்போம். ஒரு வாரம் பொறுங்க" என்றேன்.

பிள்ளைக்கு ஜுரம் என்றால் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்றுதானே டாக்டர் கேட்பார்? பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வேனுக்கும் அப்படியே எழுதி வைத்தேன். விடியற்காலை: ஐந்தாறு தடவை இழுத்தது, வெள்ளைப் புகை. கடைக்குப் போய் வந்து சூடாக இருக்கையில்: ஒரே சாவியில் கிளம்பியது. பாரத்தோடு: கறுப்புப் புகை. நின்ற இடத்தில் ஓடும்போது: நொண்டுகிற சத்தம்.

ஓரிக்கைப் பக்கம் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பாதி வேலையை நீயே முடிச்சுட்டியேம்மா! பம்பு தேஞ்சிருந்தா பெரும்பாலும் சூடான பிறகுதான் அடம் பிடிக்கும். சூட்டுல டீசல் இளகி, தேஞ்ச இடுக்குல நழுவிடும். இது ராத்திரி நின்னா மட்டும்தானே படுத்துது? எங்கேயோ காத்து புகுந்து, குழாயில இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்பிடுது."

அவர் சொன்னபடியே, ஃபில்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு! குழாயை மாற்றி, கைப்பம்பை அழுத்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார்.

அடுத்தது கறுப்புப் புகை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கிச் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பன்னீர்ச் செம்பு மாதிரி பொடித் தூறலாக விழவேண்டும்; சொட்டினால் சரியாக எரியாமல் கரியாகிவிடும். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்த்தார். மற்றவற்றைத் தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதில் மட்டும் சத்தம் மாறவே இல்லை. நோயாளி அகப்பட்டுவிட்டான்! அதன் நாசிலை மட்டும் மாற்றினார்.

சகோதரிகளே, நான் கற்றதைச் சொல்கிறேன். காலையில் கிளம்பாமல் வரும் வெள்ளைப் புகை, எரியாத டீசல். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரையும் பாருங்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. முதலில் காற்று, தண்ணீர், ஃபில்டர், அப்புறம் நாசில், கடைசியில்தான் பம்பு.

இன்ஜெக்டர் பீய்ச்சும் வேகம் தோலையே துளைக்கும். நட்டைத் தளர்த்துவதை மெக்கானிக்கிடமே விடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். டீசலை வாயால் உறிஞ்சி எடுக்க யாரையும் விடாதீர்கள். விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்திருக்கிறது. வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

இப்போது வேன் தெருமுனையில்தான் நிற்கிறது. என் பெண்ணின் இருமல் அடங்கிவிட்டது. சங்கிலி என் கழுத்திலேயே இருக்கிறது. பால் கணக்கு நோட்டு மட்டும் என் வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது!